டிரில் மாஸ்டர் பெரியப்பாவுக்கு

பிளேனோ, டெக்சஸ்
ஜூன் 8

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் பேத்தி பள்ளி நடனக் குழுவுக்குத் தேர்வானதைத் தொலைபேசியில் சொன்னபோது, "ஆடுவதற்கெல்லாம் மதிப்பெண் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டீர்கள். உண்டு, பெரியப்பா. இந்தக் குழுவில் இருக்கும் மாணவிக்கு அதையே உடற்கல்விப் பாடத்துக்கு ஈடாகக் கணக்கிட டெக்சஸ் மாநிலம் இடம் தருகிறது. இங்கே பலரும் இதை 'டிரில் டீம்' என்றுதான் சொல்கிறார்கள்; ஆயுள் முழுவதும் டிரில் மாஸ்டராக இருந்த உங்களுக்கு இதன் கதையை விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இதைத் தொடங்கி வைத்தவரும் உங்களைப் போல ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான். கஸ்ஸி நெல் டேவிஸ் என்பது அவர் பெயர். 1920களின் இறுதியில் கிரீன்வில் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அவர், அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் உற்சாகக் குரல் கொடுக்கும் மாணவிகளை 'ஃபிளேமிங் ஃபிளாஷஸ்' என்ற பெயரில் அணிவகுக்கும் குழுவாக மாற்றினார். கிழக்கு டெக்சஸில் 1930இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபின் பணம் புரளத் தொடங்கிய கில்கோர் என்ற ஊரின் கல்லூரித் தலைவருக்கோ அப்போது இரண்டு கவலைகள் இருந்தன: கல்லூரியில் பெண்கள் போதுமான அளவில் சேரவில்லை, ஆட்ட இடைவேளையில் பார்வையாளர்கள் இருக்கையை விட்டு இறங்கிப்போய்க் குடித்துவிட்டுச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் வழி காணும்படி அவர் டேவிஸை அழைத்துக்கொள்ள, 1940 செப்டம்பரில் அவர் உருவாக்கிய 'ரேஞ்சரெட்ஸ்' என்ற நடனக் குழுப் பெண்கள் மைதானத்தில் இறங்கினார்கள். அதன்பின் இடைவேளையில் யாரும் எழுந்து போகவில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பக்கத்து ஊரான டைலரின் கல்லூரியும் 1947இல் 'அப்பாச்சி பெல்ஸ்' என்ற குழுவை உருவாக்கிக்கொண்டது. இந்தக் குழுக்களில் ஆடிப் படித்து முடித்த பெண்கள் ஆசிரியைகளாகிப் போன பள்ளிகளிலெல்லாம் தொப்பியும் குட்டைப் பாவாடையும் வெள்ளைப் பூட்ஸும் கூடவே போயின. நம் பிள்ளையின் பள்ளிக்கும் அவை அப்படி வந்து சேர்ந்தவைதான்.

வசந்த விடுமுறையில் கில்கோரில் இருக்கும் ரேஞ்சரெட்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பழைய உடைகளும் புகைப்படங்களும் கண்ணுக்கு அழகாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு கறுப்பினப் பெண் முதன்முதலாக அந்த வரிசையில் நின்றது 1973இல்தான் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் படங்களில் ஒரே மாதிரிச் சிரிக்கும் முகங்கள் வேறு விதமாகத் தெரிகின்றன. ஒழுங்கு என்ற பெயரில் உடல் எடையையும் உதட்டுச் சாயத்தையும் அளந்து பார்த்த காலத்தை என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை.

காலை உயர உதைத்து ஆடும் வரிசையின் நுட்பத்தை மட்டும் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். உயரமானவர்களை நடுவில் நிறுத்தி, இரு ஓரங்களை நோக்கி உயரம் சிறிது சிறிதாகக் குறையும்படி அமைக்கிறார்கள். அருகருகே நிற்பவர்களின் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லாததால், தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாக் கால்களும் ஒரே அளவில் எழுவதாகத் தோன்றுகிறது. தோளோடு தோள் கோத்து நின்றாலும் பக்கத்தில் நிற்பவள் மீது பாரத்தைப் போடக்கூடாது. ஒருத்தி சாய்ந்தால் வரிசை முழுவதும் அலைபோல ஆடிவிடும். உதைக்கும் கால் தொப்பியின் விளிம்பு வரை உயர வேண்டும், முகமோ சிரித்தபடியே இருக்க வேண்டும். இறுதியில் அனைவரும் ஒரே நொடியில் எம்பிக் குதித்து, கால்களை முன்னும் பின்னுமாக விரித்துத் தரையில் இறங்குகிறார்கள். முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு உயிரே போய்விட்டது.

குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் பெயர் கிடையாது. மார்பில் குத்திய எண்ணோடு ஆட வேண்டும். வெளியிலிருந்து வரும் நடுவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். இரவில் எண்களை மட்டும் வெளியிடுகிறார்கள். கேப்டன், லெப்டினன்ட் என்று படையில் இருப்பதுபோலவே பதவிகள் உண்டு. மூத்த மாணவி ஒருத்தி புதியவளுக்கு 'அக்கா'வாகி, ஆட்டத்துக்கு முன் சிறு பரிசு வைத்து ஊக்கப்படுத்துவாள். படிப்பு கெட்டுவிடுமோ என்ற உங்கள் அச்சத்துக்கு மாநிலச் சட்டமே பதில் வைத்திருக்கிறது: 1984இல் கொண்டுவந்த சட்டப்படி, பாடத்தில் 70க்குக் கீழே இறங்கினால் மைதானத்தில் ஆட அனுமதி இல்லை.

இலையுதிர் காலத்தில் 'ஹோம்கமிங்' என்ற கால்பந்து ஆட்டம் வரும். பழைய மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பி வரும் நாள் அது. அன்று பெண்கள் அணிவது என்ன தெரியுமா? சாமந்தி! நிஜப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்ட வழக்கம் மாறி, இப்போது துணிப்பூவும் மணியும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் ரிப்பன்களுமாகத் தேர்ச்சீலை போல ஆகிவிட்டது. கடைசி ஆண்டு மாணவிகளுக்கு மட்டும் வெள்ளை நிறம். செலவைக் கேட்காதீர்கள், பெற்றோர் சங்கத்தில் சேர்ந்து தின்பண்டம் விற்று, குழுவின் செலவுக்குப் பணம் திரட்டும் பணி இப்போதே என் தலையில் விழுந்துவிட்டது.

ஆகஸ்டில், டெக்சஸ் வெயிலில், காலைப் பயிற்சி தொடங்குகிறது. கால்விரித்து இறங்கும்போது பின்தொடைத் தசை பிடித்துக்கொள்வதாகப் பிள்ளை சொல்கிறாள். ஓட்டப் பந்தய மாணவர்களுக்கு நீங்கள் கொடுத்துவந்த தொடைப் பயிற்சிகளை, எதை எத்தனை முறை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். பெரியம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்