பொம்மனஹள்ளியிலிருந்து தொடங்குங்கள், தோழர்களே

பெங்களூரு இடதுசாரிக் கட்சிகளின் தோழர்களுக்கு,

வணக்கம். உலகத் தொழிலாளர் ஒற்றுமையை நம் ஊரிலிருந்தே மீண்டும் கட்டுவது பற்றி எழுதுகிறேன். நான் ஸ்ரீராமபுரத்துக்காரன். பொதுத்துறை ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1980 டிசம்பரில் இந்த ஊரின் பொதுத்துறை ஆலைகள் ஒன்றுசேர்ந்து 77 நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது எனக்கு வயது 22. கேட் முன்னால் கன்னடத்திலும் தமிழிலும் முழக்கம் எழும். கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை. ஆனாலும் வியட்நாமையும் கியூபாவையும் நான் அறிந்துகொண்டது அந்த நாட்களில்தான். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து வரும்.

1991 டிசம்பர் 25 இரவு கிரெம்ளினில் சோவியத் யூனியனின் செங்கொடி கடைசியாக இறங்கியது. அந்த வாரம் எங்கள் அரசியல் வகுப்பு நடக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று எங்களை உட்காரவைத்துப் பேச ஒருவரும் வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாதது அதுதான்.

நம் இயக்கத்தின் சரிவு 1991இல் தொடங்கியதல்ல. உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை ஒன்றுசேர்க்க 1919இல் லெனின் தொடங்கிய கம்யூனிஸ்ட் அகிலத்தை, 1943இல் போர் நடுவே மாஸ்கோவே கலைத்தது. அதே மே மாதம்தான் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் முதல் மாநாட்டை பம்பாயில் கூட்டியது. 1956இல் ஸ்டாலின் காலக் கொடுமைகளைச் சோவியத் தலைவர் குருஷேவ் சொன்னார், ஆனால் மூடிய கதவுக்குள். பிறகு மாஸ்கோவுக்கும் சீனத்தின் பீக்கிங்குக்கும் சண்டை. 1964இல் இங்கே கட்சி உடைந்ததற்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு, அந்தச் சண்டையும் ஒரு காரணம். நம் ஊர்ப் பிரச்சினைக்கு வேறொரு தலைநகரத்தின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். இன்றும் கட்சி பிறந்தது 1920 தாஷ்கண்டிலா, சிங்காரவேலர் தலைமை வகித்த 1925 கான்பூர் மாநாட்டிலா என்று இரண்டு கணக்கு. இதையெல்லாம் தொழிலாளி முன்னால் திறந்து பேசுங்கள். அவர் தாங்கிக்கொள்வார், மறைத்தால்தான் விலகிப் போவார்.

1998இல் ஏதென்ஸில் தொடங்கி உலகக் கம்யூனிஸ்ட், தொழிலாளர் கட்சிகள் கூடிவருகின்றன. 2009இல் டெல்லியிலும் கூடின. அந்த அறிக்கைகளை விடாமல் படிக்கிறேன். அவை வேண்டும். ஆனால் அவற்றில் ஒரு வரிகூட கார்மெண்ட்ஸ் ஆலைகள் நிறைந்த நம் பொம்மனஹள்ளிக்கு வந்து சேர்வதில்லை.

என் மருமகள் அங்கேதான் தைக்கிறாள். 2016 ஏப்ரலில், பி.எஃப். பணத்தில் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து, ஆயிரமாயிரம் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டை மறித்தார்கள். எந்தத் தலைவரும் அழைக்கவில்லை. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசினார்கள். இரண்டே நாளில் மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. 77 நாளில் எங்களால் முடியாததைச் சாதித்த அந்தப் பெண்களை நாம் எத்தனை பேர் தேடிப் போனோம்?

அவள் தைக்கும் சட்டையில் இருப்பது ஐரோப்பியக் கம்பெனியின் லேபிள். அப்படிப்பட்ட லேபிள்களைத் தைத்தவர்கள்தான் 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனவர்கள். அதன் பிறகு உலகத் தொழிற்சங்கங்கள் நெருக்கி, கட்டடப் பாதுகாப்புக்குப் பெரிய பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கின. இங்கே கூலி கேட்டால் ஆர்டர் அங்கே போய்விடும் என்கிறார்கள். அங்கேயும் இதையே சொல்கிறார்கள். அகிலத்தை மீண்டும் கட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எனவே இரண்டு கோரிக்கைகள். கட்சிப் பெயர் பாராமல் சேர்ந்து, பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் கன்னடம், தமிழ், ஒடியா, இந்தியில் வகுப்பு தொடங்குங்கள். 1956ஐயும் 1991ஐயும் அதில் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே லேபிளுக்குத் தைக்கும் பெங்களூரு, திருப்பூர், டாக்கா தொழிலாளிகள் தங்கள் சம்பளச் சீட்டை ஒருவருக்கொருவர் காட்டிப் பேச வழி செய்யுங்கள்.

இங்குள்ள கார்மெண்ட்ஸ் பெண்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை, அதிலும் துணி துவைத்து முடியப் பதினொரு மணி ஆகும். அதற்குப் பிறகு வாருங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் என் வீட்டு மாடி இருக்கிறது, முப்பது பேர் உட்காரலாம்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர், ஸ்ரீராமபுரம்