மோரெல் ஆஷ்விட்ஸ் கைதி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய போலந்து முகாம்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதே அபூர்வம், அதற்காகவே உங்களுக்கு நன்றி. ஆனால் முகாம் தலைவர் சாலமோன் மோரெலை நாஜி வதைமுகாமான ‘ஆஷ்விட்ஸில் இருந்து உயிர்தப்பி வந்தவர்’ என்று போட்டுவிட்டு, மேலே ‘பழிக்குப் பழி’ என்று தலைப்பும் கொடுத்திருக்கிறீர்கள். முதலாவது தவறான தகவல். அந்தத் தகவல் இல்லாவிட்டால் தலைப்பும் நிற்காது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேலை விஷயமாக இரண்டு வருஷம் போலந்தின் சைலீசியாப் பகுதியில், கட்டோவிட்சே நகரில் இருந்தேன். அங்கிருந்து டிராம் பிடித்தால் ஷ்வியென்தொஹ்வொவிட்சே (இந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது, சக ஊழியர்கள் சிரித்துச் சிரித்தே சொல்லிக் கொடுத்தார்கள்). அந்த ஊரில்தான் நீங்கள் எழுதிய ஸ்கோடா முகாம் இருந்தது. காரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். போலிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு இணக்கம், ஒற்றுமை என்று அர்த்தம். அங்கே இருந்த இரும்பாலைக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயரும் அதே அர்த்தம்தான், ஐன்ட்ராஹ்ட்ஹுட்டே. 1943 மே முதல் 1945 ஜனவரி வரை ஆஷ்விட்ஸின் கிளை முகாம் ஒன்று அங்கே அந்தப் பெயரில் நடந்தது. கைதிகளை நாஜிகள் கிளப்பிக்கொண்டு போனார்கள், சோவியத் படை வந்தது. பிப்ரவரி கடைசியில் அதே இடத்தில் மறுபடியும் கைதிகள், இந்தத் தடவை முகாமை நடத்தியது போலந்தின் புதிய கம்யூனிச அரசு. பெயர்கூட மாறவில்லை, மொழிதான் மாறியது. இன்று அந்த முகாமில் மிச்சம் வாசல் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் நின்றிருந்தபோது ஒரு பாட்டி காய்கறிப் பையோடு என்னைத் தாண்டிப் போனார், நான் எதைப் பார்க்கிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, உள்ளே இருந்தவர்கள் யார்? உங்கள் கட்டுரை ‘நாஜிகள்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. நாஜிக் கட்சிக்காரர்களும் அதில் இருந்தார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலோர் சைலீசியாவின் சாதாரண ஜனங்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானிய அரசு ‘ஃபோல்க்ஸ்லிஸ்டே’ என்று ஒரு பட்டியல் போட்டு, யார் எவ்வளவு தூரம் ஜெர்மன்காரர் என்று பார்த்து நான்கு வகையாகப் பிரித்தது. மேல் சைலீசியாவில் அதில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை, வீடு, சில சமயம் உயிரே போகும். கட்டோவிட்சே பிஷப் அடாம்ஸ்கியே, போட்டுவிட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் மக்களுக்குச் சொன்னார். அப்படிப் போட்ட கையெழுத்து 1945இல் குற்றமானது. பெண்கள், வயதானவர்கள், சிறு குழந்தைகள்கூட அந்த வாசலுக்குள் போனார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை.

மோரெல் அந்த முகாமின் பொறுப்புக்கு வந்தது 1945 மார்ச்சில். அப்போது அவருக்கு வயது 25. பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அதிகாரி. நவம்பரில் முகாம் மூடப்படுவதற்குள் கிட்டத்தட்ட 6,000 பேர் உள்ளே போனார்கள், குறைந்தது 1,855 பேர் செத்தார்கள். பசி, அடி, நெரிசல், குளிக்கத் தண்ணீர் இல்லை, அதனால் பேன், பேனால் டைஃபஸ். கோடையில் கொத்துக் கொத்தாகச் சாவு. மோரெலே கையில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அடித்தார் என்று பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. இந்தக் கொள்ளைநோயைப் பரவ விட்டதற்காக மோரெலின் மேலதிகாரிகள் அவருக்குத் தண்டனை கொடுத்தார்கள். என்ன தண்டனை? மூன்று நாள் வீட்டுக் காவல், கொஞ்சம் சம்பளப் பிடித்தம். நம்மூர் ஆபீசில் ஃபைலைத் தொலைத்தவனுக்கு இதைவிட அதிகம் கிடைக்கும். அப்படியானால் மேலே இருந்தவர்களுக்குச் சாவு தெரிந்திருக்கிறது, கணக்கு வந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டு மூடிவிட்டு ஆளை வேலையில் வைத்திருந்திருக்கிறார்கள். இதை ஒரு தனி மனிதனின் பழிவாங்கல் என்று எப்படிச் சொல்வது? வெளியே விட்டபோதும் கைதிகளிடம், உள்ளே நடந்ததை எங்கேயும் பேச மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

இப்போது ஆஷ்விட்ஸ் கதைக்கு வருகிறேன். தான் ஆஷ்விட்ஸ் கைதி என்று மோரெலே சொல்லிக்கொண்டார், அதனால் உங்கள் கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன், பல பேர் ஏமாந்திருக்கிறார்கள். உண்மையில் அவர் லுப்ளின் பக்கத்தில் கார்புஃப் கிராமத்து ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மகன். யூதக் குடும்பம். அப்பா, அம்மா, ஒரு சகோதரன் எல்லோரும் போரில் கொல்லப்பட்டார்கள், அந்தத் துயரத்தில் பொய் எதுவும் இல்லை. அவரையும் இன்னொரு சகோதரனையும் யூசெஃப் ட்காச்சிக் என்ற போலிஷ் விவசாயி தன் இடத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பிடிபட்டிருந்தால் அந்த விவசாயியின் குடும்பமே காலி. 1983இல் இஸ்ரேல் அந்த விவசாயியை ‘நாடுகளில் நீதிமான்’ என்று கௌரவித்தது, யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தாருக்குக் கொடுக்கும் பட்டம் அது. அப்புறம் மோரெல் சேர்ந்தது காட்டிலிருந்த கெரில்லாக்களோடு, அங்கிருந்து புதிய அரசின் பாதுகாப்புப் படைக்கு.

‘யூதன் பழிவாங்கினான்’ என்ற கதை ஐரோப்பாவில் சில பேருக்கு ரொம்ப வசதியான கதை, அதனால்தான் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அதே 1945இல், ஓப்பொலே பக்கத்தில் வாம்பினோவிட்சே முகாமின் தலைவராக இருந்தவர் செஸ்லாவ் கெம்போர்ஸ்கி. யூதர் அல்ல, போலிஷ்காரர், வயது 21. அங்கேயும் அதே அடி, அதே பசி, அதே டைஃபஸ், அக்டோபரில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது கைதிகளைச் சுட்டுக் கொன்றதும் உண்டு. இரண்டு இளைஞர்கள், இரண்டு வேறு வேறு பிறப்பு, சம்பளம் கொடுத்தது ஒரே அமைச்சகம்.

பழிவாங்கல்தான் காரணம் என்றால் மோரெலின் கதை 1945 நவம்பரோடு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? 1949இல் அவர் யாவோர்ஸ்னோ முகாமுக்குத் தலைவராகிறார், 1951 வரை இருக்கிறார். அதுவும் பழைய ஆஷ்விட்ஸ் கிளை முகாம்தான். ஆனால் அப்போது அங்கே அடைபட்டிருந்தவர்களில் போலிஷ் அரசியல் கைதிகள் இருந்தார்கள், ஜெர்மன்காரர்களை எதிர்த்துச் சண்டை போட்டவர்களும் சேர்த்து. அவர்கள்மேல் அவருக்கு என்ன பழி? பிறகு கர்னல் பதவி, வ்ரோட்ஸ்வாஃபில் சட்டப் பட்டம், அதற்கான ஆய்வே கைதிகளின் உழைப்பைப் பற்றி. படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 1968இல் போலந்து அரசு யூதர்களைப் பதவிகளிலிருந்து களையெடுத்த அலையில் அவர் வேலையும் போனது.

வழக்கு விஷயத்தில் நீங்கள் ‘இஸ்ரேல் காப்பாற்றியது’ என்று முடித்திருக்கிறீர்கள். பாதி சரி. கம்யூனிச ஆட்சி போன பிறகு விசாரணை தொடங்கியதும் 1990களின் ஆரம்பத்தில் அவர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள், அதில் 58 பேர் முன்னாள் கைதிகள். 1998இல் போலந்து அவரை ஒப்படைக்கக் கேட்டது, வழக்குப் போடுவதற்கான காலக்கெடு கடந்துவிட்டது என்றது இஸ்ரேல். 2004இல் மறுபடி கேட்டார்கள், 2005இல் குற்றச்சாட்டுக்கே அடிப்படை இல்லை என்று பதில். என் பார்வையில் அந்தப் பதில் மோசம். 58 பேர் சொல்வதை ஒரு நீதிமன்றமாவது கேட்டிருக்க வேண்டும். ஆனால் கெம்போர்ஸ்கி எங்கேயும் ஓடவில்லையே, போலந்திலேயேதான் இருந்தார். 1950களின் கடைசியில் ஒரு வழக்கில் விடுதலை, 2000க்குப் பிறகு மறுபடி வழக்கு, உடல்நிலை சரியில்லை என்று தள்ளித் தள்ளி, 2006இல் தீர்ப்பு வராமலேயே இறந்துபோனார். மோரெல் அடுத்த பிப்ரவரியில், டெல் அவீவில்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால் ஒரு வரி போதும்: மோரெல் ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்ததில்லை, போரின்போது அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் ஒரு போலிஷ் விவசாயி. இடம் இருந்தால் ட்காச்சிக் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கட்டோவிட்சேயிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வாசகர்,
திருச்சி