பெயர் கொடுக்காத பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்

மறைமாவட்ட இறையழைத்தல் பணிக்குழுத் தந்தையருக்கும் அருள்சகோதரிகளுக்கும் தோத்திரம்.

இறையழைத்தலுக்காக மன்றாடும் நல்லாயன் ஞாயிறு வந்தால் பங்குகளில் ஒரே அறிவிப்புதான்: குருவாகப் பயிலும் குருமடத்திலோ கன்னியர் மடத்திலோ சேர விருப்பமுள்ள பிள்ளைகள் பெயர் கொடுங்கள். நாலைந்து பேர் கொடுப்பார்கள். முகாம், தியானம், வீடு சந்திப்பு எல்லாம் அவர்களுக்கு. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு மன்றாட்டு, அவ்வளவுதான்.

குருக்களும் துறவியரும் பெருக மன்றாட வேண்டும் என்றுதான் 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த நாளைத் தொடங்கினார். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், எந்த வாழ்க்கை நிலையில் இருப்பவருக்கும் புனிதராகும் அழைப்பு உண்டு என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய தன் ஏட்டில் ஓர் அதிகாரம் முழுக்கப் பேசியது. அந்த அதிகாரம் நம் முகாம்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

திருமுழுக்கில் குழந்தையின் உச்சந்தலையில் கிறிஸ்மா என்னும் புனிதத் தைலம் பூசி, குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் உறுப்பாக வாழ வேண்டும் என்று செபிக்கிறீர்கள். பின்னாளில் சாமியாராகப் போகும் குழந்தைக்கும் மின்வாரியத்தில் லைன்மேனாகப் போகும் குழந்தைக்கும் அதே தைலம், அதே செபம். பதினேழு வயதில் மட்டும் ஏன் இருவரையும் இப்படிப் பிரிக்கிறோம்?

குமரி மாவட்டத்து நட்டாலம் நீலகண்டபிள்ளையை, அதாவது புனித தேவசகாயத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர், மணமானவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்றார். அப்புறம் அவர் எந்தத் துறவற சபையிலும் சேரவில்லை. மனைவியும் விசுவாசத்துக்கு வந்தார். தேவசகாயம் சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், சேர்ந்து உண்டார். அன்றைய திருவிதாங்கூரில் அது லேசான காரியமில்லை. 1749-இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் அழைப்பு இன்னதென்று அவர் கண்டுகொண்டது வேலை பார்த்த இடத்தில், பந்தியில், சிறையில். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் கோயிலுக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரிக்கும் சுவர் நின்றது, 1910-இல்தான் இடித்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2022-இல் அவர் புனிதரானபோது வெடி போட்டோம், தேர் இழுத்தோம். நான் பார்த்த முகாம் எதிலும் அவரைப் பற்றி ஒரு வகுப்பு நடந்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை இன்று கட்ஆஃப் மார்க்கும் தாய்மாமாவும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். நர்சிங்கா, ஆசிரியப் பயிற்சியா, திருமணமா, தனித்து வாழ்வதா என்று கடவுள் முன்னால் உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? 1521-இல் பீரங்கிக் குண்டு பட்டுப் படுத்திருந்த இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனிதர்), எந்த நினைப்பு போன பிறகும் மனதில் நிறைவு தங்குகிறது, எது வெறுமையை விட்டுப் போகிறது என்று கவனித்தார். தெளிந்து தேர்தல், அதாவது கடவுளின் விருப்பம் எதுவென்று பிரித்தறிவது, அங்கிருந்துதான் அவருக்குப் பிடிபட்டது. அப்போது அவர் சாமியாரில்லை, காயம்பட்ட போர்வீரர். நாமோ அதைப் பூட்டி வைத்து மடத்தில் புதிதாகச் சேர்ந்த நவதுறவிகளுக்கு மட்டும் திறக்கிறோம்.

அடுத்த நல்லாயன் ஞாயிற்றுக்கு முன்னால் உறுதிப்பூசுதல் வாங்கிய எல்லாப் பிள்ளைகளையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். ஒரு தந்தை, ஓர் அருள்சகோதரி, ஒரு தம்பதி, அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், நால்வருக்கும் சமமான நேரம் கொடுங்கள். தம்பதியை வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவே பத்து நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். தேதியைச் சொன்னால் போதும், மதியச் சாப்பாட்டை எங்கள் பங்கு அன்பியங்கள் (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழுக்கள்) பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை