கரண்டி அளப்பதும் தராசு சொல்வதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகியும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். கணக்குப்பிள்ளை உன்னை மிகவும் விசாரித்தார். அந்தக் குடையை நீ இன்னும் திருப்பித் தரவில்லை என்பதையும் நினைவூட்டச் சொன்னார்.

நேற்றுத் தொலைபேசியில், "அந்த ஐம்பது தோட்டாக்களைச் சுடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ காரணம் கேட்டாய். அவசரப் பேச்சில் சொல்லி முடிக்கக்கூடிய காரணம் அன்று என்பதால் எழுதுகிறேன். தோட்டாவுக்கான பழைய வெடிமருந்து தீர்ந்து புதியதொன்று வாங்கியதாகவும், அதே மஞ்சள் கரண்டியால் அளந்து தோட்டா உறைகளில் நீயே நிரப்பி அடுத்த மாதப் போட்டிக்கு எடுத்து வைத்திருப்பதாகவும் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாய். முதலில் படித்தபோது அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை எனக்கு நேர்ந்ததற்குப் பிறகுதான் அந்த வரி உறைத்தது.

அன்று மின்னணுத் தராசை இயக்கியவுடனேயே, அது நிலைகொள்ளக் காத்திராமல், வேலையைத் தொடங்கிவிட்டேன். முப்பத்தொன்றாவது நிரப்பின்போது தட்டைத் தூக்கியதும் திரையில் தெரிந்த கழித்தல் எண் வழக்கமானதாக இல்லை. வெறும் தட்டை வைத்துத்தான் தராசைச் சுழியாக்குகிறேன்; அதன் எடை மாறாது. ஆகவே தட்டை எடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே எண்தான் வரவேண்டும். சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன், 0.4 கிரெயின் குறைத்துக் காட்டியது. அதாவது, சரியான அளவு என்று நான் நம்பி நிரப்பியவற்றில் அவ்வளவு வரை மருந்து கூடுதலாகப் போயிருக்கலாம். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம் என்று கொண்டால், 0.4 கிரெயின் ஏறத்தாழ 26 மில்லிகிராம். சொன்னால் தூசு போலத்தான் இருக்கும். ஆனால் ஐந்து கிரெயின் மட்டுமே கொள்ளும் சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாவில் அது நூற்றுக்கு எட்டுப் பங்கு. இக்காலத் தோட்டாக்களில் இடும் புகையில்லா மருந்து, அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். அதனால் மருந்து கூடும் விகிதத்தைவிட அழுத்தம் கூடும் விகிதம் அதிகம். எந்த இடத்தில் தராசு நழுவத் தொடங்கியது என்று தெரியாததால், முப்பதையும் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு, மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன்.

கருவியைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கே இப்படி என்றால், தராசைத் தொடாமலே ஐம்பதை நிரப்பிய உன்னை நினைத்து எப்படி அமைதியாக இருப்பேன்? கரண்டியில் பொறித்திருக்கும் எண் கன சென்டிமீட்டர். அது முகத்தல் அளவை. எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்று காட்டும் அட்டவணை சொல்வதோ நிறுத்தல் அளவை. இரண்டையும் இணைப்பது அந்தந்த மருந்தின் அடர்த்தி மட்டுமே. செதில் வடிவ மருந்துகளில் சில, ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை கிராம் அளவில் நிற்கும். உருண்டை வடிவ மருந்துகளில் சில ஒரு கிராமை நெருங்கிவிடும். ஒரே கரண்டி, ஒரே கை. உள்ளே போவது ஏறத்தாழ இரு மடங்கு! உன் பழைய மருந்து செதில் வடிவம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. புதியது எது என்று நீ எழுதவே இல்லை. ஒரே பெயருள்ள மருந்திலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் அடர்த்தி சற்று மாறும் என்பதால், புதிய டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நான் மறுபடியும் நிறுத்துப் பார்க்கிறேன்.

கரண்டியை நான் இழிவாகப் பேசுவதாக எண்ணிவிடாதே. பழங்கால வெடிமருந்தான கருமருந்தைத் துப்பாக்கி வீரர்கள் காலங்காலமாக முகந்துதான் அளந்தார்கள். அதற்கு அது போதுமானதாகவும் இருந்தது. புகையில்லா மருந்திலும், கை ஒரே சீராக இருந்தால், கரண்டி வியக்கத்தக்க ஒழுங்கோடு அளக்கும். கிண்ணத்தில் மருந்தை ஆழமாக நிரப்பி, கரண்டியின் அடிப்பாகத்தை நேராக உள்ளே அழுத்து. மருந்து தானாக விளிம்பைத் தாண்டி வழிந்து நிறையட்டும். பிறகு தூக்கி, ஒரு அட்டையின் விளிம்பால் தலைதட்டு. குலுக்காதே, தட்டாதே, அழுத்தாதே. குலுக்கினால் மணிகள் நெருங்கி அமர்ந்து எடை கூடிவிடும். பத்துக் கரண்டிகளைத் தனித்தனியே நிறுத்து எழுதிவை. மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி அழகாக வரும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று வரம்பு மீறியிருந்தாலும் சராசரி அதை மறைத்துவிடும்.

உன்னிடம் இருக்கும் கோல் தராசு நல்ல தராசு. மின்சாரம் கேட்காது, சூடேறக் காத்திராது. சமதளத்தில், காற்று படாத இடத்தில் வை; கோலைத் தாங்கும் கத்திமுனை அமரும் பள்ளத்தில் தூசு இல்லாமல் பார்த்துக்கொள்; கோலின்மேல் நகரும் எடை தன் பல்லில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார். பெரிய எடை ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தால் தராசு அமைதியாகச் சமன் காட்டும். பிழையோ பல கிரெயின்களாக இருக்கும். மின்னணுத் தராசு வாங்கினால், தட்டு அதன்மேல் இருக்கும்போது மணிமணியாக மருந்தைச் சொட்டாதே. சில தராசுகள் மிக மெதுவாக ஏறும் எடையைத் தம் நழுவல் என்று எண்ணித் தாமே கழித்துவிடும். தட்டைத் தூக்கி மீண்டும் வைத்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ நிரப்புவது பெரிய உறை, சிறிய அளவு. அதில் இரண்டு கரண்டி விழுந்தாலும் வழியாது. குண்டைப் பொருத்துவதற்குமுன் எல்லா உறைகளையும் பலகையில் நிறுத்தி, விளக்கைப் பிடித்து, மருந்தின் மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்தாயா? பார்த்தேன் என்று நீ சொன்னாலும், இந்த ஐம்பதை நான் நம்பமாட்டேன்.

அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, மேலே "சுடக் கூடாது" என்று எழுதி ஒட்டிவிடு. வருகிற சனிக்கிழமை, தோட்டாவிலிருந்து குண்டைக் கழற்றும் பிரிப்பான், சோதனை எடைக்கற்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஐம்பதையும் சேர்ந்தே பிரிப்போம். அதற்குள் புதிய மருந்தின் டப்பாவில் எழுதியிருக்கும் பெயரையும் தொகுதி எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு. குடையை மறக்காமல் எடுத்து வை.

என்றும் உன்,
பழைய கூட்டாளி