ஷட்டர் திறந்த கணக்கு இருக்கிறது. தண்ணீர் வந்த கணக்கு எங்கே?

குமரி மாவட்டத்துக் கால்வாய்களைத் திறக்கவும் அடைக்கவும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்குக் கடைவரம்பில், அதாவது கால்வாயின் கடைசி முனையில், பயிர் செய்யும் விவசாயி ஒருவனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி, பெருஞ்சாணியில் எத்தனை அடி, சிற்றாறு ஒன்றிலும் இரண்டிலும் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்ற பட்டியல் தினமும் காலையில் தேநீர் ஆறுவதற்குள் எங்கள் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். கடந்த கும்பப்பூவில், அதாவது இரண்டாம் போக நெல்லின்போது, பேச்சிப்பாறை நாற்பது அடியைத் தாண்டி நிற்கிறது என்ற செய்தியை நான் எங்கள் மடையடியில் நின்றுதான் படித்தேன். அந்த மடையில் அன்றைக்குத் தவளை நனையத் தண்ணீர் இல்லை.

குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். அலுவலர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். குறை சொல்ல மாட்டேன். கேட்டு முடித்ததும் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, எங்கள் கிளைக்கு எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஷட்டர் திறக்கப்பட்டது, எப்போது அடைக்கப்பட்டது என்பதையெல்லாம் வரிசையாகக் காட்டினார். கடைசிக் கட்டத்தில் ‘தண்ணீர் வழங்கப்பட்டது’ என்று இருந்தது. கணினியே சொன்ன பிறகு நான் என்ன சொல்வது? வாடிய பயிரைப் பிடுங்கி மேசைமேல் வைத்திருந்தால்கூட அந்தக் கட்டத்தில் இருக்கும் எழுத்து மாறியிருக்காது.

எந்தக் கால்வாய், எந்தக் கிளை என்று இங்கே எழுதவில்லை. எழுதினால், கால்வாயில் மடை திறந்து அடைக்கும் ஏதாவது ஒரு லஸ்கருக்கு மெமோ போகும். கடைவரம்புக்குத் தண்ணீர் போகாது. தோவாளைக் கால்வாய், அனந்தனார், நாஞ்சில் நாட்டுப் புத்தனார், பத்மநாபபுரம் புத்தனார், பட்டணங்கால் என்று எந்தக் கரையில் கடைசி வரை நடந்து போனாலும் என்னைப் போல் ஒருவனை நீங்கள் பார்க்கலாம்.

அந்தக் கட்டத்துக்குள் அடங்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அடுத்த வயலைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பயிர் வைத்திருப்பவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அக்கா. நெல் பொதி கட்டியிருந்த, கதிர் வெளிவரக் காத்திருந்த நேரம். அந்தப் பருவத்தில் ஒரு நனைப்பு தவறினால் மணி பதராகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். எங்கள் முறை எந்த நாள், எந்த நேரம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த அக்கா ஒரு டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாகச் சானல்கரையில் நான்கு இரவுகள் காத்திருந்தார். ஐந்தாம் இரவு பேத்திக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து ஆள் வந்ததால் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிப் போனார். இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. வந்தது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் தாராளமான சொல்தான். மேலே இரண்டு இடத்தில் மண்மூட்டையும் ஒரு இடத்தில் மோட்டாரும் எடுத்தது போக, மிச்சம் சேற்று நிறத்தில் கணுக்கால் அளவுக்கு வந்து, வடக்கே தாழ்ந்து கிடந்த வயலுக்குள் இறங்கி, விடிவதற்குள் நின்றுவிட்டது. அக்காவின் வயல் வாய்மடை அடைத்தபடியே கிடந்தது. காலையில் வந்து கரையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. உங்கள் பதிவில் அது ‘வழங்கப்பட்ட’ தண்ணீர்.

இதே கைபேசிக்கு, அணை நிரம்பினால், ஆற்றங்கரையில் இருப்போர் மேடான இடத்துக்குப் போங்கள் என்ற எச்சரிக்கை வருகிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் கால்வாய்க் கரைகள் பல இடங்களில் உடைந்தபோது அப்படிப்பட்ட எச்சரிக்கைகளின் அருமையை நாங்கள் அறிந்தோம். எங்களை மூழ்கடிக்கப் போகும் தண்ணீரைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல முடிகிற உங்களால், எங்களை வாழவைக்கப் போகும் தண்ணீரைப் பற்றி ஒரு நாள் முன்னதாகச் சொல்ல முடியாதா? ‘நாளை இரவு பத்து மணிக்கு உங்கள் கிளையில் ஷட்டர் திறக்கப்படும்’ என்ற ஒரு வரிக் குறுஞ்செய்தி போதும். அதற்குச் செயலி எதுவும் வேண்டாம். அந்த அக்காவிடம் இருப்பது பொத்தான் வைத்த கைபேசி.

ஆனால் என் முதன்மையான கோரிக்கை அதுவன்று. தினமும் காலையில் அணைகளின் நீர்மட்டத்தை வெளியிடும் அதே பட்டியலில், ஒவ்வொரு கால்வாயின் கடைவரம்பிலும் அன்றைக்கு எத்தனை அங்குலம் தண்ணீர் ஓடியது என்பதையும் வெளியிடுங்கள். ஷட்டரைத் திறந்தது உங்கள் செயல். தண்ணீர் வந்து சேர்வதுதான் அதன் பயன். இந்த இரண்டுக்கும் நடுவில் மைல் கணக்கில் கால்வாய் கிடக்கிறது; அதில் சம்புக் கோரை வளர்ந்திருக்கிறது, கரை கசிகிறது, மோட்டார் ஓடுகிறது. முதல் முனையில் மட்டும் அளந்துவிட்டுக் கடைசி முனையைக் கணினியின் கணக்குக்கு விட்டுவிட்டால், வழியில் தொலைந்தது எவ்வளவு என்று யாருக்கும் எப்போதும் தெரியவே போவதில்லை. தெரியாமல் இருப்பதில் சிலருக்கு வசதி இருக்கலாம். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்றே நம்புகிறேன்.

இதற்கான கருவி புதிதல்ல. கால்வாயின் மேல் கம்பத்தில் பொருத்தப்படும் ராடார் அளவி, தண்ணீர்ப் பரப்பை நோக்கி அலையை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணக்கிடுகிறது. ஒரு சிறிய சூரியத் தகடும் ஒரு சிம் கார்டும் இருந்தால் அளவு தானாகவே அலுவலகத்துக்குப் போய்விடும். கால்வாயின் குறுக்களவும் ஓட்டத்தின் வேகமும் தெரிந்தால் மட்டத்திலிருந்து நொடிக்கு எத்தனை கன அடி என்பதையும் சொல்லிவிடலாம். தரையில் மண்ணேறினால் அந்தக் கணக்கு பொய்யாகும். தூர் வாரும்போதெல்லாம் அதைத் திருத்த வேண்டும். சூரியத் தகட்டை ஒரு மாதத்துக்குள் யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அந்தக் கருவி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மடையின் பக்கச்சுவரில் அங்குலக் கோடுகள் வரைந்து, காலையிலும் மாலையிலும் லஸ்கர் ஒரு படம் எடுத்து, இடமும் நேரமும் பதிவாகும்படி அனுப்பினால் போதும். 2023-இல் வெளியான நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்புக்கு, குளங்களையும் ஏரிகளையும் கைபேசியில் இடக்குறிப்போடு பதிவு செய்யத் தெரிந்த அரசுக்கு, ஒரு மடையைப் படம் எடுப்பது பெரிய வித்தை அல்ல. ஒரே லஸ்கரை எத்தனையோ மைல் கரைக்குப் பொறுப்பாக்கி ஓட விட்டிருக்கிறீர்கள் என்பது வேறு விஷயம். அவருக்கு ஒரு துணையாளைத் தருவதும் இந்தத் திட்டத்தில் சேர வேண்டும்.

2024-இல் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு என்று கைபேசியோடு வரப்பில் இறங்கி, எந்தச் சர்வே எண்ணில் நெல், எதில் வாழை, எது தரிசு என்று குறித்தார்கள். அந்தக் கணக்கு, தண்ணீர் விடுகிறவரின் மேசைக்கு என்றைக்காவது வந்ததா? வந்திருந்தால், நெல் பொதி கட்டி நிற்கும் கிளைக்கும் மட்டி வாழை நிற்கும் கிளைக்கும் ஒரே முறை வைக்கத் தோன்றுமா? ஒவ்வொரு துறையும் ஒரு செயலி செய்து, திறப்பு விழாவும் நடத்தி, கடவுச்சொல்லைத் தன் மடியில் முடிந்து வைத்துக்கொள்கிறது. 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையையும், பள்ளத்தாக்குக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரை நடத்திச் செல்லும் மாத்தூர் தொட்டிப் பாலத்தையும் அலுவலக மேசைகளில் கணினி இல்லாத காலத்தில் கட்டினார்கள். தொட்டிப் பாலத்தில் நின்று நாள்தோறும் எத்தனையோ பேர் படம் எடுக்கிறார்கள். கடைசி மடையை ஒருவரும் எடுப்பதில்லை. கோபத்தில் சொல் கொஞ்சம் தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைவரம்புத் தண்ணீர் நெல்லுக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். அது குளத்தை நிறைக்கிறது. குளம் கிணற்றை ஊற வைக்கிறது. கடலோர ஊர்களில் அந்த நன்னீர் அழுத்தம் குறைந்தால் உப்புநீர் நிலத்தடியில் ஏறி வரும். கிணறு ஒருமுறை உவர்த்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு மழைக்காலம் போதாது. வயலை மனையாக்க அலைகிறவர்கள் ‘தண்ணீர் வராத வயல்தானே’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தண்ணீர் வழங்கப்பட்டதாகச் சொல்லும் உங்கள் பதிவு அந்த நேரத்தில் எங்களுக்கு எவ்விதத்திலும் உதவுவதில்லை.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். அடுத்த கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போகத்துக்கு, அணை திறப்பதற்கு முன், ஒவ்வொரு கால்வாயின் கடைவரம்பிலும் ஓர் அளவுகோல் வேண்டும். அதன் அளவு அணைகளின் அளவோடு தினமும் பொதுவில் வெளிவர வேண்டும். திறக்கும் நேரம் முந்தைய நாளே குறுஞ்செய்தியாக வர வேண்டும். எங்கள் மடையின் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பெயிண்ட் வாங்கி, உங்கள் ஆள் காட்டும் இடத்தில் கோடு போட்டுத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். காலைப் பட்டியலில் சிற்றாறு இரண்டுக்குக் கீழே எங்களுக்கு ஒரு வரி இடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கடைவரம்பு விவசாயி