அந்த வரிசையைக் கொஞ்சம் காட்டுங்கள்: விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

விமான நிறுவனங்களில் இருக்கை ஒதுக்கீட்டைக் கவனிக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலவச அப்கிரேடு கேட்டு எழுதும் கடிதங்கள் உங்களுக்கு நிறையவே வரும். அவற்றுக்கு அனுப்ப ஒரு பதிலும் தயாராக இருக்கும். அந்தப் பதிலை எனக்கு அனுப்பிவிட வேண்டாம், நான் இருக்கை கேட்கவில்லை. எகானமியில் இருப்பவர்களில் சிலரை பிசினஸ் கிளாஸுக்கு மாற்றும்போது யாரை முதலில் எடுக்கிறீர்கள், யாரை அடுத்து எடுக்கிறீர்கள் என்ற வரிசையை எழுத்தில் வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இருக்கும் இடத்தைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்கிறீர்கள். சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்பது கணக்கு. எல்லோரும் வந்து நின்றுவிட்ட நாளில், முன்னால் காலியாகக் கிடக்கும் பிசினஸ் கிளாஸில் சிலரை ஏற்றிவிட்டுப் பின்னால் இடம் பிடிக்கிறீர்கள். இலவச அப்கிரேடுகளில் பல இப்படி வருபவைதான், உங்கள் தாராள மனதால் வருபவை இல்லை. இதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தச் சிலர் யார் என்பது மட்டும் ஏன் இவ்வளவு ரகசியம்?

அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். பயணத்துக்கு முன்பு உங்களில் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: பிசினஸ் கிளாஸ் இருக்கைக்கு நீங்களே ஒரு விலை சொல்லுங்கள் என்று. திறந்தால் திரையில் ஒரு மீட்டர். தொகையை ஏற்ற ஏற்ற முள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்து பச்சைக்குப் போகிறது. ‘வாய்ப்பு குறைவு’ என்று இருந்தது ‘வாய்ப்பு மிக நன்று’ என்று மாறுகிறது. பச்சையில் நிறுத்தி அனுப்பினேன். புறப்படுவதற்கு முந்தின நாள், வருந்துகிறோம் என்று பதில் வந்தது. சரி, போகட்டும். தனியாகக் காசு கட்டி எடுத்த நடைபாதையோர இருக்கை கையில் இருக்கிறதே என்று கிளம்பினேன்.

கேட்டில் போர்டிங் பாஸைக் காட்டியதும் இயந்திரம் கீச்சிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது. அடிக்கடி பறப்பவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் சில சமயம் நல்ல சேதி, அப்கிரேடு கிடைத்திருக்கலாம். ஊழியர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுப் புதியதை அச்சிட்டுக் கொடுத்தார். கடைசி வரிசை, நடு இருக்கை. காரணம் கேட்டேன். “சிஸ்டம் மாற்றியிருக்கிறது” என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த இருக்கைக்குப் போக பிசினஸ் கிளாஸ் வழியாகத்தான் நடக்க வேண்டும். போர்வையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத இருக்கைகள் வழியெல்லாம் காலியாக இருந்தன, கதவு மூடும் நேரத்திலும். கடைசி வரிசை இருக்கை சாயாது, பின்னால் சுவர். முன்னால் இருப்பவருடைய இருக்கை தாராளமாகச் சாயும். பக்கத்தில் கழிவறை. வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் என் வரிசையின் இருக்கை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் முகத்தில் வெளிச்சம். இரவு முழுக்க இரண்டு கைப்பிடியும் எனக்கில்லை. இறங்கியதும் எழுதிக் கேட்டேன். இருக்கைக்குக் கட்டிய கூடுதல் காசு திரும்பி வந்தது. செயல்பாட்டுக் காரணம் என்ற இரண்டு சொல்லும் வந்தன. காலியாக இருந்த இடங்களைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

நீங்கள் வாயைத் திறக்காததால் ஊரெல்லாம் வைத்தியம் சொல்கிறது. கோட்டு போட்டுக்கொண்டு போ, கவுண்டரில் சிரித்துப் பேசு, தேனிலவு என்று சொல்லிப் பார். கோட்டின் இஸ்திரியை எந்த மென்பொருள் பார்க்கிறது என்று தெரியவில்லை. அடிக்கடி பறப்பவர்களுக்கு நீங்கள் தரும் உறுப்பினர் அட்டையின் தரம், டிக்கெட்டில் ஓரெழுத்தாக இருக்கும் கட்டணப் பிரிவு, இவைதான் முதலில் பார்க்கப்படுகின்றன என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். முழுக் கட்டண எகானமிக்கு வழக்கமாக ‘ஒய்’ என்று குறி. தள்ளுபடி விலையில் வாங்கியவரின் எழுத்து வேறு. தனியாகப் பயணிப்பவரை மாற்றுவது எளிது. ஒரே பிஎன்ஆரில் நாலு பேர் இருந்தால் கஷ்டம். சிறப்பு உணவு கேட்டிருந்தால் அதை முன்னால் கொண்டுபோய்க் கொடுக்கும் தொல்லைக்காகவே விட்டுவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு. இதில் எது உங்கள் விதி, எது வதந்தி? அதைத்தான் எழுதிப் போடச் சொல்கிறேன்.

முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1972-இல் ரால்ஃப் நேடர் என்ற நுகர்வோர் உரிமைப் போராளியை, டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்றாமல் விட்டார்கள். அவர் வழக்குப் போட்டார், 1976-இல் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்று அங்கே, கூடுதல் விற்பனையால் ஒருவரை அவர் விருப்பமில்லாமல் ஏற்றாமல் விட்டால், எந்த முன்னுரிமைப்படி ஆள் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதை அவர் கையில் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி இன்னும் தெளிவு: மேல்வகுப்பில் உட்கார வைத்தால் கூடுதல் காசு கேட்கக் கூடாது. கீழ்வகுப்புக்குத் தள்ளினால் தூரத்தைப் பொறுத்து டிக்கெட் விலையில் 30, 50 அல்லது 75 சதவீதத்தை 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஏற்றாமல் விடும் வரிசையை எழுத முடிகிறது, கீழே தள்ளினால் எவ்வளவு என்று எழுத முடிகிறது. மேல்வகுப்புக்கு ஏற்றிவிடும் வரிசையை எழுதத்தான் மை இல்லையா?

விசுவாசம், விசுவாசம் என்று எங்களிடம் பேசுகிறீர்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் அடிக்கடி பறப்பவர்களுக்குப் பரிசு மைல்கள் தரும் தன் மைலேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது எவ்வளவு தூரம் பறந்தோம் என்பது கணக்கு. 2015-இல் டெல்டா, யுனைடெட் என்ற அமெரிக்க விமான நிறுவனங்களும், அடுத்த ஆண்டு அமெரிக்கனும், பரிசு மைல்களைச் செலவழித்த பணத்தை வைத்துக் கொடுக்கத் தொடங்கின. உலகம் முழுக்க மற்றவர்களும் அதே பாதையில் போகிறார்கள். ஜன்னலோரத்துக்குக் காசு, கால் நீட்டக் காசு, பெட்டிக்குக் காசு. முன்பு இலவசமாகக் கிடைத்த காலி இருக்கைக்கு இப்போது மீட்டர் வைத்த ஏலம். அதில் பச்சை காட்டினாலும் இருக்கை இல்லை. மூச்சுக்கு மட்டும்தான் இன்னும் கட்டணம் போடவில்லை, அதையும் நினைவுபடுத்திவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

மன்னிக்கவும், மடல் வேறு பக்கம் போய்விட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். அப்கிரேடு வரிசையை உங்கள் பயண நிபந்தனைகளில் சேருங்கள். உறுப்பினர் அட்டைக்குத்தான் முதலிடம் என்றால் அப்படியே எழுதுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டோம். ஏலத்தில் ஒருவரை நிராகரித்தால், இருக்கை நிரம்பிவிட்டதா, தொகை போதவில்லையா என்று ஒரு வரியில் சொல்லுங்கள். காசு கட்டி எடுத்த இருக்கையை உங்கள் வசதிக்காகப் பறித்தால், முன்னால் இடம் இருக்கும்போது அந்த ஆளுக்கு அந்த வரிசையில் எத்தனையாவது இடம் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

பதிலைச் சிஸ்டம் எழுதாமல் உங்களில் யாராவது ஒருவர் எழுதினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசை நடு இருக்கைப் பயணி