பருத்திக்கொட்டையில் காணாமற்போன ‘க்’

பெருந்துறை,
ஞாயிறு காலை.

அன்புள்ள அம்மணிக்கு,

நேற்றுப் போனில் உன் குரல் இறங்கிப் போயிருந்தது. 35 வயதில் பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்க உட்கார்ந்து, இரண்டு சொல்லை ஒட்டக்கூட வரவில்லையே என்றாய். அது இரவெல்லாம் என்னை உறுத்தியது. விடிந்ததும் எதிர்வீட்டுத் தம்பியின் மடிக்கணினியில் நானே முயன்று பார்த்தேன், கண்ணு.

"பருத்தி" + "கொட்டை" என்று தட்டினேன். ‘பருத்திகொட்டை’ என்று வந்தது. காலமெல்லாம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்! "தென்னை" + "தோப்பு" கொடுத்தேன், ‘தென்னைதோப்பு’. பொன்னும் காசும் ‘பொன்காசு’ என்றே நின்றன. தோன்றல், திரிதல், கெடுதல் எதுவும் அதற்குத் தெரியாது. நாம் விதி பார்த்தா தென்னந்தோப்பு என்கிறோம்? நாக்கே செய்துவிடுகிறது. பவணந்தியாரின் ஊர் நம் சீனாபுரம்தான் என்பார்கள். அவர் உயிரீற்றுக்கு ஓர் இயல், மெய்யீற்றுக்கு ஓர் இயல் என்று நன்னூலில் வகுத்ததெல்லாம் இந்தக் கூட்டல் குறிக்குள் கிடையாது. கொடுத்ததைக் கொடுத்தபடி ஒட்டும், அவ்வளவுதான்.

நீ எழுதிய நிரலில் உன் பெயரும் ஊரும் ஒட்டிக்கொண்டு வந்ததும் இதனால்தான். இடைவெளியும் அதற்கு ஓர் எழுத்து; மேற்கோள் குறிகளுக்குள் நீதான் வைக்க வேண்டும். வயதைச் சேர்த்தபோது பிழை காட்டியது, 35 எண்ணாக இருந்ததால். எஸ்.டி.ஆர். (str) என்ற கட்டளையால் அதைச் சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, மாற்றிவிட்டுச் சேர். ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு கணினி மொழியில் ஒரு சரத்தோடு எண்ணைக் கூட்டினால் சத்தமில்லாமல் ஒட்டிவிடுமாம். "3" உடன் 4 சேர்ந்து 34 ஆகிவிட்டால் மண்டிக் கணக்கு என்னாவது? மறுத்துச் சொல்கிற பைத்தானே எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன். "ஊர்" + "எல்லை" ஊரெல்லை ஆகவில்லை. ‘ஊர்எல்லை’ என்றே நின்றது. ஆனால் "க" உடன் இகரக் கொக்கியை மட்டும் ஒட்டினால் ‘கி’ வருகிறது! கணினி எழுத்துகளைக் குறித்து வைக்கும் யூனிகோடு முறையில் அகரமேறிய க தான் அடிப்படை. கொக்கியும் புள்ளியும் அதன்மேல் ஏறும் தனிக் குறிகள். அதனால் ‘கி’யின் நீளம் 2 என்கிறது. மெய் முதலில், உயிர் பிறகு என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதற்கு அது நேர்மாறு. இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே மனமில்லை.

உன் நிரலைத் திருத்தாமல், பிழையோடு அப்படியே அனுப்பு. சேர்ந்து பார்க்கலாம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்ட வேண்டும் என்று அம்மா கூப்பிடுகிறாள்.

அன்புடன்,
அப்பா